எஸ்ஜிபிடி 212: காய்ச்சல் செய்ததா, மாத்திரை செய்ததா?

பெரம்பூர் மகள் | நவம்பர் 18, இரவு 10.50

அனைவருக்கும் வணக்கம். இரண்டு நாட்களாகத் தூக்கம் இல்லை. மருத்துவரிடம் பேசக் கிடைத்தது மூன்று நிமிடம்தான். கேட்காமல் விட்டதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

அப்பாவுக்கு 67 வயது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடங்களாகச் சர்க்கரை. அதற்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு இரவில் அடோர்வாஸ்டாட்டின். போன வருடம் ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இரண்டாம் நிலை என்றார்கள். குடியோ புகையோ அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்த அந்த வாரத்தில், 6ஆம் தேதி, காய்ச்சல் ஆரம்பித்தது. முதல் நாளே 102 டிகிரி. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி, வறட்டு இருமல். பக்கத்துத் தெரு கிளினிக்கில் பாராசிட்டமால் 650, அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக், ஓர் இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நான்கு நாட்கள் கஞ்சியைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. 10ஆம் தேதி இரவு கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு இரைத்தது. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 91. உடனே மருத்துவமனையில் சேர்த்தோம். ஹெச்1என்1 இன்ஃபுளுவென்சா என்று உறுதியானது. ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் மருந்து காலை இரவு ஐந்து நாட்கள், இரண்டு நாட்கள் ஆக்சிஜன். 15ஆம் தேதி மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். சேர்த்த அன்று எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி 96 என்று டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. அன்று அதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை.

மறுநாள் மறுபடியும் உடம்பு வலி, லேசான சூடு. 17ஆம் தேதி ஓர் ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துச் சென்றார்கள். முடிவு: எஸ்ஜிஓடி என்ற இன்னொரு நொதி 268, எஸ்ஜிபிடி 212, காமாலையைக் காட்டும் பிலிருபின் 1.4. அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில், மாதிரியில் ரத்த அணுக்கள் சிறிது சிதைந்திருந்தன என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, "வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஏறும். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்றார்.

சித்தி வந்து, மஞ்சள் காமாலை ஆரம்பித்துவிட்டது, இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் நிறுத்து, சர்க்கரை மாத்திரை உட்பட, என்கிறார். கண்களில் மஞ்சள் இல்லை. அப்பா மிகவும் சோர்ந்திருக்கிறார், சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது.

நுரையீரலுக்கு வந்த நோய் கல்லீரலுக்கு எப்படிப் போனது? காய்ச்சல் செய்த வேலையா, அதற்குக் கொடுத்த மருந்துகள் செய்த வேலையா? ஒரு வாரம் காத்திருக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அயனாவரம் பத்மா | நவம்பர் 18, இரவு 11.15

கவலைப்படாதே கண்ணு. எங்கள் வீட்டில் மூன்று பேருக்குக் காமாலை வந்து கீழாநெல்லியில்தான் குணமானது. வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் ஏழு நாட்கள் கொடு. எண்ணெய், உப்பு, காரம் கூடாது. அப்பா எழுந்து நடமாடுவார். அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.


ராயபுரம் ஆய்வகத்தான் | நவம்பர் 18, இரவு 11.55

அம்மா, நான் மருத்துவன் இல்லை. வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு கொரோனாக் காலத்தில் திரும்ப அழைத்தார்கள். அதையும் சேர்த்தால் எத்தனை ஆயிரம் கல்லீரல் பரிசோதனைகளை ஓட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆனால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். நாளையே போங்கள். ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் அந்தப் பொடி எழுத்து வரி. சிவப்பு மூடிக் குழாயில் எடுத்த ரத்தம் உறைந்தபின் சுழற்றினால், கீழே கட்டி தங்கும், மேலே சீரம் தெளியும். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். காமாலை என்றால் மஞ்சள் கரைத்த தண்ணீர்போல் இருக்கும்; இயந்திரத்தில் வைப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். சில குழாய்களில் ரோஜாப்பூ ஊறிய தண்ணீர்போல் இளஞ்சிவப்பாக இருக்கும். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி எடுத்தாலோ, வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்தாலோ சிவப்பணுக்கள் உடைந்து அப்படி ஆகும். எஸ்ஜிஓடி சிவப்பணுவுக்குள்ளும் இருக்கிறது. உடைந்தால் அதுவும் சீரத்தில் கலந்து, கல்லீரல் கணக்கில் ஏறிவிடும். ஆகவே உங்கள் 268-ஐ அப்படியே நம்பாதீர்கள். மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் ஆய்வகத்துக்கே நேரில் போய்.

இன்னொன்று. எஸ்ஜிஓடி தசையிலும் இதயத்திலும்கூட உண்டு. ஃபுளூவில் உடம்பை அடித்துப் போட்டதுபோல் வலிப்பது தசையில் வரும் அழற்சியால். சிபிகே என்ற தசை நொதியைச் சேர்த்துப் பார்த்தால் எது தசையிலிருந்து வந்தது, எது ஈரலிலிருந்து வந்தது என்று ஓரளவு பிரிக்கலாம். எஸ்ஜிபிடி பெரும்பாலும் கல்லீரலுடையது. அதனால் 212தான் என் கவலை. உள்ளே சேர்த்த அன்று 96 இருந்தது, காய்ச்சல் தணிந்து வீடு வந்தபின் 212 ஆகியிருக்கிறது. வைரஸ் மட்டும் காரணம் என்றால் நோய் இறங்கும்போது இதுவும் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

நுரையீரல் நோய் ஈரலை எப்படித் தொடும் என்று கேட்டீர்கள். பல வழிகளில் தொடும். இன்ஃபுளுவென்சா வைரஸ் ஈரல் செல்லுக்குள் குடியேறிப் பெருகுவது வழக்கமில்லை. அதை எதிர்க்க உடல் கிளப்பிவிடும் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒரு பகுதி ஈரலில் போய்த் தங்குகிறது. அங்கே எதிரியே இல்லாதபோதும் அக்கம்பக்கத்துச் செல்கள் அடிபடுகின்றன. கொரோனாவில் இன்னும் ஒரு படி கூட. அந்த வைரஸ் கதவாகப் பயன்படுத்தும் ஏசிஇ2 ஏற்பி பித்தநாளச் செல்களில் நன்றாகவே இருக்கிறது.

அடுத்தது ஆக்சிஜன். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த ரத்தமாகத்தான் வருகிறது. அது ஈரலின் ஒவ்வொரு நுண்மடலின், அதாவது சிறு செல் தொகுப்பின், ஓரத்தில் நுழைந்து நடுவிலுள்ள சிரையை நோக்கி ஓடும். நடுவில் இருக்கும் செல்களுக்குக் கடைமடை வயலுக்கு வரும் தண்ணீர்போல் மிச்சம்தான் கிடைக்கும். உடம்பில் ஆக்சிஜன் 91க்கு இறங்கினால் முதலில் வாடுவது அந்தக் கடைமடைச் செல்கள்.

என்னை இந்நேரத்தில் எழுத வைத்தது இனிச் சொல்லப்போவதுதான். பாராசிட்டமாலை நச்சுப் பொருளாக மாற்றும் நொதி அதிகம் இருப்பதும் அதே கடைமடைச் செல்களில்தான். நாம் விழுங்குவதில் பெரும்பகுதி தொல்லையில்லாமல் சிறுநீரில் போய்விடும். ஒரு சிறு பகுதி மட்டும் நாப்கி எனப்படும் நச்சாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் பிடித்து அடக்கிவிடும். பட்டினி கிடந்தால் குளூட்டாதயோன் கையிருப்பு குறையும். உங்கள் அப்பா நான்கு நாட்கள் கஞ்சிதான் குடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பாராசிட்டமால் கெட்ட மருந்தில்லை. அளவோடு கொடுத்தால் அதைவிடப் பாதுகாப்பான காய்ச்சல் மருந்து கிடைப்பது கடினம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம். ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் சரியாகச் சாப்பிடாத முதியவர்களுக்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் 2 கிராமுக்குள் நிறுத்துவார்கள். எங்கே தவறுகிறது என்றால், ஜலதோஷத்துக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு, உள்ளே சரக்கு அதே.

ஆகவே இந்த இரவே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், காலியானவை குப்பைக் கூடையில் இருந்தாலும், எடுத்து மேசையில் பரப்புங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். 15ஆம் தேதியிலிருந்து எத்தனை போயிருக்கின்றன என்று எண்ணுங்கள். கஷாயம், லேகியம், சத்து மாத்திரை எதையும் விடாதீர்கள். அந்தத் தாளைக் கையில் கொடுத்தால் மருத்துவருக்கு உங்கள் மூன்று நிமிடம் போதும். அவரிடம் பேசும்வரை பாராசிட்டமால் ஒன்றுகூட வேண்டாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். தொற்று நேரத்தில் சர்க்கரை ஏறினால் அது தனி ஆபத்து.

ரத்தம் உறைவதைப் பார்க்கும் பிடி-ஐஎன்ஆர் பரிசோதனையைக் கேளுங்கள். எஸ்ஜிபிடி என்பது செல் கிழிந்து வெளியே சிந்திய சரக்கு. எவ்வளவு சிந்தியது என்று அது சொல்லும். உள்ளே எவ்வளவு மிச்சம், ஈரல் வேலை செய்கிறதா என்று சொல்லாது. ரத்தம் உறைவதற்கான புரதங்களை ஈரல்தான் செய்கிறது, அதனால் ஐஎன்ஆர் ஏறினால்தான் உண்மையான அபாயம். நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால் கணக்கு தப்பும். அதையும் கவனியுங்கள். மழைக்காலம் என்பதால் டெங்கு, எலிக்காய்ச்சல், குடிநீரால் வரும் ஈரல் அழற்சிகளான ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. ஹெச்1என்1 உறுதியானதாலேயே வேறொன்று சேர்ந்து வராது என்று சொல்ல முடியாது.

குழறிப் பேசினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்தாலோ, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.


பெரம்பூர் மகள் | நவம்பர் 19, காலை 6.10

ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் அம்மாவை எழுப்பினேன். இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து எண்ணினோம்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாள்களை எறியமாட்டார். பின்பக்கத்தில் பென்சிலால் பால் கணக்கு, மின் கட்டணம், எல்லாம் எழுதுவார். தொழிற்சாலையில் ஷிப்ட் குறிப்பு எழுதிய பழக்கம். தலையணைக்கு அடியில் 15 முதல் 18 வரையான தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் மணி எழுதியிருந்தார்; சில நாட்களில் 5.30, 10, 2.15, 7, 11 என்று ஐந்து முறை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு 650. உடம்பு சுடுவதுபோல் தோன்றும்போதெல்லாம் போட்டிருக்கிறார். எங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தானே எடுத்துப் போட்டு, தானே குறித்தும் வைத்திருக்கிறார்.

அது போதாதென்று, மூக்கடைப்புக்காக அம்மா காலை, மதியம், இரவு ஒரு ஜலதோஷ மாத்திரை கொடுத்திருக்கிறார். கடைக்காரர் கொடுத்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். முதல் வரியிலேயே பாராசிட்டமால் 500 மில்லிகிராம். அப்பாவின் தாளில் அது இல்லை. அவருடைய கணக்கில் அது காய்ச்சல் மாத்திரையே இல்லை.

650 மாத்திரை 16 போயிருக்கிறது, ஜலதோஷ மாத்திரை 9. கூட்டினால் 14,900 மில்லிகிராம். மூன்று நாட்களில். நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 கிராம்.

அம்மா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். டிஸ்சார்ஜ் தாளில் 'காய்ச்சல் இருந்தால் மட்டும்' என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சுருக்கமாக எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது எப்படிப் புரியும்? யாராவது ஒருவர் வாயால் சொல்லியிருக்கலாம்.

ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.


ராயபுரம் ஆய்வகத்தான் | நவம்பர் 19, காலை 6.25

இப்போதே கிளம்புங்கள், ஏழு மணி வேண்டாம். வெளிநோயாளி வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'பாராசிட்டமால் அளவு மீறியிருக்கிறது' என்பதுதான் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். காலண்டர் தாள்களையும் அட்டைகளையும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். சளியை இளக்க மார்பு நோய்ப் பிரிவில் கொடுக்கும் அதே மருந்து, குறைந்துபோன குளூட்டாதயோனை ஈரலில் மறுபடி நிரப்பவும் பயன்படுகிறது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. தேவையா இல்லையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இது அவர் தவறில்லை. 31 ஆண்டுகளில் படித்தவர் வீட்டிலிருந்தும் படிக்காதவர் வீட்டிலிருந்தும் இதே கதையோடு வந்த குழாய்களை நான் பார்த்திருக்கிறேன்.


கொளத்தூர் தம்பி | நவம்பர் 19, மதியம் 1.30

அக்கா, அப்பா நலமாகத் திரும்பப் பிரார்த்திக்கிறேன். என் அண்ணனின் அனுபவத்தைச் சொல்கிறேன். மருந்தையும் நோயையும் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

2021 ஏப்ரல் கடைசியில் அண்ணனுக்குக் கொரோனா. ஆக்சிஜன் 84. ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி மருந்தை வாங்கி வரச் சொன்னார்கள். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசே விற்கத் தொடங்கியிருந்த நேரம். பிறகு கூட்டம் தாங்காமல் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். நான் நின்றது கீழ்ப்பாக்கத்தில். விடியற்காலை வரிசையில் சேர்ந்தேன், சாயங்காலம்தான் கைக்குக் கிடைத்தது. அண்ணி வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம். ஆறு குப்பிகள்: முதல் நாள் இரண்டு, பிறகு நான்கு நாட்களுக்கு ஒவ்வொன்று. தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டி போட்டு, குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தத்தில் எஸ்ஜிபிடி இயல்பைவிட ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது. மருத்துவர் ரெம்டெசிவிரை நிறுத்தச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வெயிலில் நின்று வாங்கி வந்த உயிர் மருந்தை எப்படி நிறுத்தலாம் என்று வார்டு வாசலில் சத்தம் போட்டேன். அந்த இளம் மருத்துவர் முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய நின்றபடி பொறுமையாக விளக்கினார். ஆக்சிஜன் குறைந்ததாலும் ஏறியிருக்கலாம், நோயின் அழற்சியாலும் ஏறியிருக்கலாம், இந்த மருந்தாலும் ஏறியிருக்கலாம். முதல் இரண்டையும் என்னால் நிறுத்த முடியாது, மூன்றாவதை மட்டும்தான் என்னால் நிறுத்த முடியும், என்றார். அந்த வாக்கியத்தை இன்றுவரை மறக்கவில்லை. மீதி இரண்டு குப்பிகளை அடுத்த படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்றையும் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கும்போது ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் செய்தார்கள். அண்ணனுக்கு இருந்தது. யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் கொடுத்தால் தூங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் விழித்துக்கொள்ளும் என்றார்கள். அதற்கான மாத்திரையையும் சேர்த்தே தொடங்கினார்கள். ஸ்டீராய்டைத் தவிர்க்கவும் முடியாது, ஏனென்றால் ஆக்சிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளியின் உயிரைக் காப்பாற்றும் என்று 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வில் தெரிந்த மருந்து அது. மூன்று வாரத்தில் என்சைம் இயல்புக்கு வந்தது. அண்ணன் இன்று ஆட்டோ ஓட்டுகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் பிரிவுக்குப் போய் வருகிறார். வீட்டில் எல்லோரும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். அப்பாவுக்கும் ஹெபடைடிஸ் பி பார்த்துவிடுங்கள் அக்கா, அது சின்னப் பரிசோதனைதான்.


அயனாவரம் பத்மா | நவம்பர் 19, மாலை 5.00

கண்ணு, மாத்திரைக் கணக்கைப் படித்ததும் உடம்பு நடுங்கிவிட்டது. நானும் என் வீட்டுக்காரருக்கு அதே இரண்டையும்தான் சேர்த்துக் கொடுப்பேன். ஆனால் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். கீழாநெல்லியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே? அது தவறா?


ராயபுரம் ஆய்வகத்தான் | நவம்பர் 19, இரவு 9.20

தவறு என்று சொல்லமாட்டேன் அம்மா. என் தாயாரும் அரைத்துக் கொடுத்தவர்தான். கீழாநெல்லிக்குச் சென்னையிலேயே பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அது மறைந்ததாக அதில் வந்தது. அன்று எங்கள் ஆய்வகத்தில் இதே பேச்சுதான். பெருமையாக இருந்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ காமாலை எந்த மருந்தும் இல்லாமலே பெரும்பாலும் சில வாரங்களில் வடிந்துவிடும்; அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் குணமானது என்று தோன்றும். உங்கள் வீட்டு மூன்று பேருக்கும் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் இந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வந்தது அந்தக் காமாலை இல்லை. ஏழு நாட்கள் மோரில் கலக்கிக் கொடுத்துக் காத்திருந்தால், மாற்று மருந்துக்கான நேரம் கைநழுவியிருக்கும். எனக்குப் பயம் அதில்தான். மூலிகையோடு எனக்கு விரோதம் ஒன்றுமில்லை.

மூலிகை என்பதாலேயே ஈரலைத் தொடாது என்றும் நம்ப வேண்டாம். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று பலர் சீந்தில் கொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள். சீந்தில் சாப்பிட்டு ஈரல் அழற்சியோடு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். உடலே தன் ஈரலைத் தாக்கும் வகை அது. சாப்பிட்டது உண்மையான சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் மறுத்துக் கேட்டது. பிறகு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரங்களை வெளியிட்டன. நாம் வாசலில் வாங்கிக் குடித்த கபசுரக் குடிநீரிலும் சீந்தில் ஒரு சரக்கு. சில நாட்கள் குடித்தவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். மாதக்கணக்கில் குடிப்பவர்கள், முன்பே தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று கஷாயத்தை மறைப்பவர்கள்தான் அதிகம்.


பெரம்பூர் மகள் | நவம்பர் 29, இரவு 8.40

எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. அப்பா 24ஆம் தேதி வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று அவசரப் பிரிவில் நான் அட்டைகளையும் தாள்களையும் மேசையில் வைத்ததும் பணியில் இருந்த மருத்துவர் எழுந்து நின்றே படித்தார். ஒரு மணி நேரத்துக்குள் அசிட்டைல்சிஸ்டீன் டிரிப் ஏற்றிவிட்டார்கள். ஐயா சொன்னபடி ரத்தத்தைப் புதிதாக எடுத்தார்கள், இந்த முறை ஒரே குத்தில். எஸ்ஜிபிடி 246, எஸ்ஜிஓடி 198, ஐஎன்ஆர் 1.2. சிபிகேயும் சற்று ஏறியிருந்தது. எஸ்ஜிபிடி ஏறி, எஸ்ஜிஓடி இறங்கியிருந்ததைப் பார்த்து நான் குழம்பினேன். முந்தைய மாதிரி கெட்டிருந்ததால் எஸ்ஜிஓடி கூடுதலாகக் காட்டியிருக்கும் என்றார்கள். அதோடு, ரத்தத்தில் எஸ்ஜிஓடி பாதியாகக் குறைய 17 மணி நேரம் போதுமாம், எஸ்ஜிபிடிக்கு 47 மணி நேரம் ஆகுமாம். அதனால் எஸ்ஜிஓடிதான் முதலில் இறங்கும், அது நல்ல அறிகுறி என்றார்கள். 22ஆம் தேதி எஸ்ஜிபிடி 131, எஸ்ஜிஓடி 62. இன்று 58, 34. பிலிருபின் 0.8. டெங்கு, எலிக்காய்ச்சல், ஹெபடைடிஸ் ஏ, பி, ஈ எதுவும் இல்லை.

எவ்வளவு காய்ச்சலால், எவ்வளவு மாத்திரையால் என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார் கல்லீரல் மருத்துவர். முதலில் வந்த 96-க்கு ஃபுளூவும் ஆக்சிஜன் குறைவும், ஏற்கெனவே இருந்த கொழுப்பும் போதுமான காரணங்கள். அதற்குமேல் ஏறியதற்குப் பாராசிட்டமால்தான் பெரிய காரணம் என்று கருதுகிறார். ஒசெல்டாமிவிர் மீது அவருக்குச் சந்தேகம் இல்லை. அடோர்வாஸ்டாட்டினை நிறுத்தி வைத்திருந்தார்கள், அடுத்த வாரம் மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார். சித்தி அதையும் ஏற்கவில்லை, ஆனால் அப்பா ஏற்றுக்கொண்டார்.

நேற்று ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் சாப்பாடு. அம்மா அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.


ராயபுரம் ஆய்வகத்தான் | நவம்பர் 29, இரவு 9.05

மனம் நிறைந்தது அம்மா. இன்னும் ஒன்று மட்டும். முதல் வாரத்தில் கொடுத்த அமாக்சிசிலின் கிளாவுலனேட்டை மறந்துவிடாதீர்கள். அதனால் வரும் காமாலை, மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வரலாம், வயதான ஆண்களுக்கு இன்னும் கூடுதலாக. டிசம்பர் முழுவதும் உடம்பில் அரிப்பு, சிறுநீர் கடுநிறம், மலம் வெளிறிப் போவது ஆகியவற்றைப் பாருங்கள். மாதக் கடைசியில் ஒருமுறை பரிசோதித்துவிட்டால் நிம்மதி. இனி ஆன்டிபயாட்டிக் எழுதும் எவரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.


பெரம்பூர் மகள் | நவம்பர் 29, இரவு 9.30

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன் ஐயா. காலண்டரை இறக்கச் சொல்லி, டிசம்பர் 27ஆம் தேதித் தாளின் பின்பக்கத்தில் 'ரத்தப் பரிசோதனை, நேரில் போக வேண்டும்' என்று பென்சிலால் எழுதி மறுபடி மாட்டிவிட்டார்.